முன்வரிசையும் பியூரெட்டும்

கொழும்பில் ஆண்களோடு சேர்ந்து படித்த பெண்கள் என்றதும் எங்கள் தலைமுறையைச் சிலர் முன்னோடிகளாக்கிவிடுகிறார்கள். அது சரியன்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தேர்ஸ்டன் வீதியில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியிலும் இருபாலாரும் படித்தனர். ஆயினும் எழுபதுகளின் இறுதியில், யாழ்ப்பாணத்து மகளிர் கல்லூரி ஒன்றில் உயர்தரம் முடித்து விஞ்ஞானம் படிக்க வந்த எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது. அதுவரை ஆண்பிள்ளைகள் என்றால் வீட்டில் தம்பிமாரும், ரியூசன் வகுப்பின் மறுபக்க வாங்குகளில் இருந்தவர்களுந்தான்.

விரிவுரை மண்டபத்தில் எவரும் விதி வகுக்காமலே முதலிரு வரிசைகள் பெண்களுக்கென்று ஆகியிருந்தன. பிந்தி வருகிறவள் பின்கதவால் நுழைந்து முன்வரிசைவரை இறங்கிச் செல்ல வேண்டும். அவளுடைய ஒவ்வோர் அடிக்கும் பின்வாங்கிலிருந்து மேசையில் தாளம் விழும். சத்தம் கேட்காதிருக்க நான் குதியில்லாத றப்பர் செருப்புக்கு மாறினேன். (தாளம் அதற்கும் விழுந்தது.)

ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது கேலியன்று, இரசாயனவியல் ஆய்வுகூடந்தான். சுட்டெண் ஒழுங்கில் இருவர் இருவராகப் பிரித்ததில் எனக்கு வாய்த்த துணைவர், திரவத்தைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைத் தாமே பிடிப்பார், வாசிப்பையும் தாமே எடுப்பார். “உங்கட எழுத்து வடிவு” என்று கொப்பியை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவார். நிறங்காட்டியான பினோத்தலீன் இளஞ்சிவப்பாகும் அந்த ஒரு துளியை நான் எட்ட நின்றே பார்த்து வந்தேன். ஒருநாள், “இண்டைக்கு நீங்கள் எழுதுங்கோ, திருகை நான் பிடிக்கிறன்” என்றேன். மறுபேச்சின்றி விலகி நின்றார். ஆண்கள் பாடசாலையிலிருந்து வந்த அவருக்கும் என்னிடம் பேசக் கூச்சமாம். வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் பேச வேண்டியதில்லை என்று நினைத்தாராம். அதை நான் முழுதாக ஏற்கவில்லை என்றாலும், அதன்பின் முறைவைத்தே செய்தோம்.

விடுதிச் சட்டம் இதைவிடக் கடினமானது. நூலகத்தில் ஓரிரவுக்கு மட்டும் தரும் புத்தகங்களை, நூலகம் மூடும் நேரத்திலேதான் கொடுப்பார்கள். பெண்களோ இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகவே பரீட்சைக் காலத்தில் அந்தப் புத்தகங்கள் ஆண்களின் கைக்கே போயின. நாங்களும் சிங்களத் தோழிகளும் சேர்ந்து விண்ணப்பம் எழுதினோம். வகுப்பு ஆண்களில் பலரும் கையெழுத்திட்டனர். பெண்கள் பின்னேரமே புத்தகம் எடுக்கலாம் என்று நூலகம் இணங்கியது. விடுதி நேரத்தை மாத்திரம் நாங்கள் படித்து முடிக்கும்வரை மாற்றவில்லை.