லாரி பட்டை உளி குப்பையா?

கொட்டாப்புளி: மரவேலை பழக உளி வாங்கணும் என்று ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தான். அதற்கு 'சண்டே ஆசாரி' சொன்ன பதில்: லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளி எல்லாம் குப்பை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு உளியோ ஜப்பான் உளியோ வாங்கு. அப்படியா? காரைக்குடி வீட்டு நிலைக்கதவை எல்லாம் ஜப்பான்காரன் வந்தா செதுக்கிவிட்டுப் போனான்?

சண்டே ஆசாரி: அந்த வீடுகளில் பாதி, ஊருக்குள் லாரி வருவதற்கு முன்பே கட்டியவை ஐயா. பட்டைக்கு எங்கே போனார்களாம்? ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதம் அளவில்தான் இருக்கும். உளிக்கென்றே வரும் எஃகில் 0.9, 1 என்று இருக்கும். லாரி பட்டை வளைந்து நிமிரச் செய்தது, கூர் நிற்பதற்கு இல்லை.

கொட்டாப்புளி: எண்ணைக் காட்டினால் பயந்துவிடுவோமா? உலையில் போட்ட நிமிடமே லாரியில் இருந்த பதம் போயாச்சு. அப்புறம் எல்லாம் தோய்ச்சலில்தான், சூடான எஃகை முக்கிப் பதம் ஏற்றுவதில்தான் இருக்கிறது. முனையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, உள்சூடு முனைக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார் கொல்லர். வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் முனையைத் தொட்டதும் மறுபடி முக்கணும். நீலம் வரை விட்டால் உளி மெத்தென்று ஆகிவிடும். இதை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? சதவீதம் பேச வந்துவிட்டார்.

சண்டே ஆசாரி: பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தும் வாங்கியிருக்கிறேன். ஒரே பட்டறை, ஒரே நாள், இரண்டு உளி. ஒன்று வேப்பங்கட்டையிலேயே மடங்கியது, இன்னொன்றின் வாய் துண்டு துண்டாக உதிர்ந்தது. கொல்லர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தாரோ, அதுதான் என் உளியின் தரமா?

கொட்டாப்புளி: மோட்டார் சாணையில் வைத்து அழுத்தியிருப்பீர்கள். முனை நீலமாகியிருக்கும். பழி மட்டும் கொல்லருக்கு.

சண்டே ஆசாரி: நான் சாணையில் வைக்கவே இல்லை!

கொட்டாப்புளி: தீட்டாத உளியாலா கொத்தினீர்கள்? அதுதான் மடங்கியிருக்கு.

சாணைக்கல்: இரண்டு பேரும் சும்மா இருங்கள். தம்பி, அரை அங்குலம் ஒன்று, ஒரு அங்குலம் ஒன்று வாங்கு. முதலில் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தை, கல்லில் தேய்த்துச் சமமாக்கு. முதுகு சமமில்லை என்றால் எந்த நாட்டு உளியும் வெட்டாது. சரிவு 25 டிகிரி, வாயோரம் மட்டும் 30.

கொட்டாப்புளி: வந்துட்டார் டிகிரி. எங்கள் தாத்தா கோணமானி வைத்தா தீட்டினார்?

தேக்கு சார்: கார்பனும் வேண்டாம், தோய்ச்சலும் வேண்டாம். தேக்கில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், இருக்கிறது, எந்த உளியும் சீக்கிரம் மழுங்கும். இதை யாரும் பேசக் காணோம்.

கொட்டாப்புளி: போன மாதம் வாகைப் பலகையைத் தேக்கு என்று வாங்கி வந்து படம் போட்டவர்தானே நீங்கள்?

தேக்கு சார்: அது வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிந்தது. நூறு முறை சொல்லிவிட்டேன்.

சண்டே ஆசாரி: பேச்சை மாற்றாதீர்கள். லாரி பட்டை உளியில் கூர் நிற்குமா நிற்காதா?

கொட்டாப்புளி: நிற்கும். நீங்கள் கும்பிடும் ஜப்பான் உளியையும் ஒரு கொல்லன்தான் அடிக்கிறான். உடம்பெல்லாம் மெத்தென்ற இரும்பு, வாய்ப்பக்கம் மட்டும் கடின எஃகை ஒட்டவைத்து அடித்தது. அங்கே அடித்தால் கலை, இங்கே அடித்தால் குப்பை!

சண்டே ஆசாரி: அந்த எஃகை லாரியிலிருந்து கழற்றவில்லையே.

கொட்டாப்புளி: லாரி, லாரி, லாரி. லாரி என்ன பாவம் செய்தது? நீங்கள் வைத்திருக்கும் ஜப்பான் இழுப்பு ரம்பம் பல் மழுங்கினால் என்ன செய்வீர்கள்? பல்லை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கிய ரகம் அது, அரம் ஏறாது. தகட்டைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கணும். நம் ரம்பத்துக்கு அரம் போட்டால் பேரன் காலம் வரை ஓடும். எது குப்பை?

சண்டே ஆசாரி: உளியைப் பற்றிக் கேட்டால் ரம்பத்துக்கு ஓடுகிறார்.

மூலைமட்டம்: மரத்தில் காடி எடுக்கும் மெஷின் ரூட்டர் வந்த காலத்தில் உளிச் சண்டையா? நடக்கட்டும்.

கொட்டாப்புளி: பிளைவுட் ஒட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மூலைமட்டம்: யாரைப் பார்த்து ஒட்டுகிறவன் என்கிறீர்கள்? நான் போட்ட கட்டிலில் ஒரு ஆணி கிடையாது.

கொட்டாப்புளி: ஆணி இல்லை, ஃபெவிகால் எத்தனை கிலோ?

சாணைக்கல்: தம்பி, முதுகைத் தேய்த்தாயா?

கொட்டாப்புளி: அவன் என்ன வாங்கினான் என்று முதலில் சொல்லட்டும். ஜப்பான் என்று மட்டும் சொன்னான் என்றால், அதற்குப் பதில் வேறு இருக்கிறது.