செல்லூர் வீட்டுச் சொந்தங்கள்

கார்த்திக்: வந்து சேர்ந்தாச்சு. தூக்கம் மட்டும் இன்னும் ஜெர்மனியிலேயே இருக்கிறது.

கார்த்திக்: (படம்) முருகேசன் மாமாவுக்கு. மோசல் ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் செய்த வெள்ளை ஒயின். ரீஸ்லிங் என்ற ரகம்.

செல்வம் சித்தப்பா: எனக்கு வழக்கம்போல சாக்லேட்தானா?

சித்ரா: ஏண்டா, இதைக் குழுவில்தான் போடணுமா? அம்மாச்சி, தீபாவின் போனில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

முருகேசன் மாமா: அக்கா, விடு. திராட்சை போடுகிறவனுக்குத் திராட்சைச் சாறு. மாப்ளே, திருகு மூடி போட்டிருக்கிறதே, மட்ட சரக்கா?

கார்த்திக்: இல்லை மாமா. அங்கே வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் திருகு மூடிதான். தக்கை கெட்டு ஒயினில் வாடை ஏறுகிற தொல்லை இல்லை.

முருகேசன் மாமா: இனிக்குமா?

கார்த்திக்: இனிக்காது. பழச்சாற்றில் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை இருந்தால், ஈஸ்ட் அதைத் தின்று ஏறக்குறைய 12 சதவீத ஆல்கஹாலாக ஆக்கிவிடும். இதில் மிச்சம் சில கிராம்தான். முதல் வாய்க்கு நாக்கு சுருக்கென்று புளிக்கும். அப்புறம் பச்சை ஆப்பிள் வாசம் வரும்.

தீபா: காசு கொடுத்துப் புளிப்பு வாங்கி வந்திருக்கிறாய் அண்ணே.

முருகேசன் மாமா: தோட்டத்தைச் சொல் மாப்ளே. பந்தலா?

கார்த்திக்: பந்தல் கிடையாது. மலைச்சரிவில் கொடிக்கு ஒரு கழி. தரையெல்லாம் கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் சில்லு, கால் வைத்தால் சரசரவென்று சரியும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பழம் வெட்டப் போனேன். வெயில் இறங்கிய பிறகும் கல் சூடாகவே இருந்தது. அந்தக் குளிரில் பழம் பழுக்க அதுதான் துணை என்றார்கள். பிரெம் என்ற ஊரில் கால்மோன்ட் என்றொரு சரிவு, 65 டிகிரி வரை செங்குத்து.

முருகேசன் மாமா: டிராக்டர் ஏறாதே.

கார்த்திக்: எல்லாம் கைவேலை. வருடத்துக்கு ஒரே அறுவடை.

முருகேசன் மாமா: நமக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். கொடியை வெட்டிவிடும் கவாத்து ஒன்று முடிந்தால் அடுத்த கவாத்து. மருந்துச் செலவும் ஓயாது. இலையில் வரும் அடிச்சாம்பல் நோய்க்கு அங்கே என்ன மருந்து அடிக்கிறார்கள்?

கார்த்திக்: தாமிர மருந்து அங்கேயும் உண்டு. உங்கள் போர்டோ கலவையே பிரான்சில் ஒயின் தோட்டங்களுக்காக 1885 வாக்கில் வந்ததுதான்.

முருகேசன் மாமா: அட! மயில்துத்தமும் சுண்ணாம்பும் அங்கிருந்தா வந்தது? சரி, அவர்கள் பழத்துக்கு விலை சொல்வது யார்?

கார்த்திக்: பழமாக விற்பதே இல்லை. அப்பா, மகள், மருமகன் மூன்று பேர். வீட்டுக்குக் கீழேயே பிழிந்து, நொதிக்க வைத்து, பாட்டிலில் அடைத்து, வாசலிலேயே விற்கிறார்கள். விலைச்சீட்டை மகள் கையால் எழுதி ஒட்டுகிறாள். 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே பழம் போகும். பாட்டில் 11 யூரோ.

முருகேசன் மாமா: ஆயிரத்துக்கு மேலே ஆகிறதே! இங்கே லாரி வாசலில் நின்ற பிறகுதான் வியாபாரி வாயைத் திறப்பான். மழை தூறினால் பழம் வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும், நாம் பேரம் பேச மாட்டோம் என்றும் தெரியும். 2023இல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். லாரிக்காரன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

செல்வம் சித்தப்பா: பன்னீர் கறுப்புப் பழமாச்சே. அதில் வெள்ளை ஒயின் எப்படி வரும்?

கார்த்திக்: நிறம் தோலில்தான் சித்தப்பா. பிழிந்த உடனே தோலைப் பிரித்துவிட்டால் சாறு வெளுப்பாகவே வரும். தோலோடு ஊறினால்தான் சிவப்பு.

முருகேசன் மாமா: இரு, வருகிறேன்.

முருகேசன் மாமா: (படம்) பத்துப் பழத்தைச் சில்வர் டம்ளரில் பிழிந்தேன். இளநீரில் துளி மஞ்சள் விழுந்த மாதிரி நிறம். இன்னொரு டம்ளரில் தோலையும் போட்டுக் கசக்கி வைத்திருக்கிறேன்.

தீபா: மாமா வீட்டில் லேப் ஆரம்பித்துவிட்டார்.

முருகேசன் மாமா: (படம்) அரை மணி நேரம் ஆச்சு. தோல் போட்டது ரோஸ் நிறம், போடாதது அப்படியே இருக்கிறது. பையன் சொன்னது சரி.

சித்ரா: தம்பி, அதைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவு. நாளைக்குப் பானையில் ஊற வைத்தேன் என்று வந்து நிற்காதே.

கார்த்திக்: ஆமாம் மாமா, லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் கேஸ். அங்கேயும் ஒயின் கணக்கை அரசாங்கத்துக்குக் காட்டியாக வேண்டும்.

முருகேசன் மாமா: நான் போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போக மாட்டேன். லைசென்ஸுக்கு எங்கே எழுதிப் போடணும் என்று மட்டும் விசாரித்துச் சொல்.

சித்ரா: பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டான்.

செல்வம் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டன் சுக்கா சொல்லிவிடவா?

கார்த்திக்: வேண்டாம் சித்தப்பா. காரம் ஏறினால் இதன் வாசம் தெரியாது, நாக்குதான் எரியும். வஞ்சிரம் வறுக்கலாம், மிளகாய்ப் பொடி குறைவாக. மீனுக்குப் பிழிகிற எலுமிச்சையின் வேலையை இந்தப் புளிப்பே பார்த்துக்கொள்ளும்.

சித்ரா: மிளகாய்ப் பொடி குறைவாக மீனா? அதை நீயே வறு. பாட்டில் எங்கே இருக்கிறது?

கார்த்திக்: மாடி ரூம் பீரோவில்.

தீபா: அந்த ரூம் அடுப்பு மாதிரி கொதிக்குமே அண்ணே. நான் பிரிட்ஜில் வைத்துவிட்டேன், மோர்ப் பானைக்குப் பின்னால்.

சித்ரா: அம்மாச்சி ஏற்கனவே பார்த்துவிட்டார்கள். பினாயிலா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன், யாரும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

முருகேசன் மாமா: சனிக்கிழமை ராத்திரி கம்பத்தில் பஸ் ஏறுகிறேன். ஒரு டிரே பழமும் வருகிறது. நான் வருவதற்குள் சித்தப்பா மூடியைத் திருகினால் தெரியும் சேதி.