பீரியட்ஸ் நேரத்தில் வலது அடிவயிற்று வலி: அப்பெண்டிக்ஸிலும் எண்டோமெட்ரியோசிஸ் வருமா?

நித்யா:
எனக்கு 31 வயது. வலது அடிவயிற்றில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. பீரியட்ஸுக்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்துவிடும், கூடவே குமட்டல். ஸ்கேனில் இடது ஓவரியில் சாக்லேட் சிஸ்ட் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸால் வரும், பழைய ரத்தம் நிறைந்த கட்டி), அப்பெண்டிக்ஸ் நார்மல். லேப்ராஸ்கோபிக்கு (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) தேதி கொடுத்துவிட்டார்கள். "உள்ளே பார்த்து, சந்தேகம் இருந்தால் அப்பெண்டிக்ஸையும் எடுத்துவிடலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். அத்தையோ, "நல்லா இருக்கிறதை எதுக்கும்மா அறுக்கணும்" என்கிறார். யாருக்காவது இப்படி எடுத்திருக்கிறார்களா?

செல்வி:
எனக்கு எடுத்தார்கள், நித்யா. உனக்குக் குத்துகிற அதே இடம்தான். கேஸ், அல்சர், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு அப்பெண்டிக்ஸின் வெளிப்பக்கத்திலோ தசைச் சுவரிலோ மில்லிமீட்டர் அளவில் பிடித்திருந்தால் ஸ்கேனில் சிக்குவது கஷ்டம். ஆபரேஷன் வீடியோவில் பார்த்தேன்: நுனி மட்டும் தடித்து, வளைந்து, பக்கத்துச் சவ்வோடு ஒட்டிக் கிடந்தது. பயாப்ஸியில்தான் உறுதியானது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அதுவரை வீட்டில் யாரும் என் வலியை நம்பவில்லை.

அதற்காக எல்லாருக்கும் எடுக்க வேண்டும் என்றில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிலேயே நூற்றில் சில பேருக்குத்தான் அப்பெண்டிக்ஸ் வரை போகும். ஆழமாகப் பரவிய வகையில் இது கூடுதல். எனக்கு அந்தக் குத்தல் நின்றது. மற்ற இடங்களில் இருப்பதற்கு டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன்.

கவிதா:
எனக்கும் எடுத்தார்கள், ஆனால் பயாப்ஸி நார்மல், வலியும் அப்படியே. கடைசியில் இடுப்புத்தளத் தசை இறுக்கம் என்று கண்டுபிடித்தார்கள், பிசியோதெரபியில்தான் குறைந்தது. அப்பெண்டிக்ஸ் ஒன்றே காரணம் என்று நினைத்துப் போகாதேம்மா.

ரேவதி:
லேபில் வேலை பார்க்கிறேன். எடுத்தால், நுனியோடு முழுசாகப் பயாப்ஸிக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத சின்னக் கட்டிகளும் சில சமயம் அதில் தெரியவரும். இன்னொன்று: இடையில் காய்ச்சல், வாந்தியோடு வலி திடீரென்று ஏறினால், பீரியட்ஸ் வலி என்று படுத்துவிடாமல் உடனே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். அது நிஜமான அப்பெண்டிசைட்டிஸாக இருக்கலாம்.

நித்யா:
நன்றி அக்கா, எல்லாருக்கும். சம்மதப் படிவத்தில் "சந்தேகம் இருந்தால் மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா?

செல்வி:
தாராளமாக. எப்படி இருந்தால் எடுப்பார்கள் என்பதையும் சர்ஜனிடமே கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் பயம் குறையும்.