மறு: ஃபெர்மி கணக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? என் பரிந்துரை ‘பகுமதிப்பு’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நேரில் அளக்க முடியாத ஒரு பெரிய அளவைச் சின்னச் சின்னக் கேள்விகளாகப் பிரித்து ஏறக்குறையக் கணக்கிடுவதை, இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரால் ஃபெர்மி கணக்கு என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் படித்தேன். குத்துமதிப்பு, தோராய மதிப்பீடு, கருதலளவை, சோற்றுப்பதம், ஃபெர்மி மதிப்பீடு என்று ஐந்து வந்திருக்கின்றன. ஆறாவதாக நான் ‘பகுமதிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன் நான். முடிவாகும் சொல்லை நாளைக்கே கரும்பலகையில் எழுத வேண்டியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகும் முன் செயலைப் பார்த்துவிடுவோம். ஏற்காட்டுத் தோழி போன மடலில் கேட்டிருந்தார்:

> தினமும் இரண்டு காபி குடிக்கிற ஒருவருக்காக மலையில் எத்தனை செடி நிற்க வேண்டும்? இங்கே கேட்டால் பத்து என்பவரும் இருக்கிறார், ஆயிரம் என்பவரும் இருக்கிறார்.

ஒரு தம்ளர் காபிக்குப் பத்து கிராம் தூள் என்று வைப்போம். நாளைக்கு இருபது கிராம், ஆண்டுக்கு 7.3 கிலோ. வறுக்கும்போது கொட்டையின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே பச்சைக் கொட்டையாக ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும், ஒன்பது என்றே கொள்ளலாம். ஒரு கிலோ கொட்டைக்கு ஆறு கிலோ பழம் என்பது அராபிகா என்ற காபி வகைக்குப் பொதுவாகச் சொல்லும் விகிதம். அப்படியானால் 54 கிலோ பழம். ஒரு செடி ஆண்டுக்கு ஒரு கிலோ பழம் தருகிறது என்றால் 54 செடி. பத்தும் இல்லை, ஆயிரமும் இல்லை, ஐம்பது வாக்கில்.

இதைச் சரிபார்க்க வேறொரு வழியும் இருக்கிறது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஒரு செடிக்கு 36 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதால் 1,210 செடி. செடிக்கு ஆறில் ஒரு கிலோ கொட்டை என்றால் ஏக்கருக்கு 200 கிலோ, எக்டேருக்கு 500 கிலோ. நம் நாட்டில் அராபிகாவின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு நானூறு, ஐந்நூறு கிலோ வட்டாரத்தில்தான் நிற்கிறது. நாம் வைத்துக்கொண்ட எண்கள் மலையை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. தூளில் சிக்கரி கலந்திருந்தால் செடி இன்னும் குறையும். அந்தக் கழித்தலைத் தோழியின் வீட்டுக் காபிக்கு ஏற்ப அவரே செய்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது விடை அல்ல. எந்த எண் பலவீனமானது என்று அது காட்டிக்கொடுப்பதுதான். பத்து கிராம் தூள் என்பதில் பெரிய தவறு வராது. ஆறுக்கு ஒன்று என்பதும் பெரிதாக ஆடாது. செடிக்கு ஒரு கிலோ பழம் என்பதுதான் ஆடும்: பூக்கும் பருவத்து மழை தவறினால் பாதியாகிவிடும், விடை நூறைத் தாண்டிவிடும். ஆக, யாராவது மறுக்க வந்தால் எந்த இடத்தில் மறுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரு பெரிய கேள்வியை விடை சொல்லக்கூடிய சின்னச் சின்னக் கேள்விகளாகப் பகுத்துக்கொண்டதால் கிடைத்த வசதி இது. நாம் தேடும் சொல்லில் இந்தப் பகுத்தல் இருந்தாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இனி மற்ற சொற்களுக்கு வருகிறேன்.

> குத்துமதிப்பு என்று ஊரே சொல்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒன்று?

அம்மாப்பேட்டை ஐயாவின் கேள்வி நியாயமானது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லுக்கே முதல் உரிமை என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் ‘குத்துமதிப்பா எவ்வளவு?’ என்று கேட்டால் ஓர் எண் வரும். எப்படி வந்தது என்று அதன் பின் யாரும் கேட்பதில்லை, கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். எதிர்பார்ப்பே அப்படி அமைந்துவிட்டது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் பிஞ்சு நிலையிலேயே தோப்பைச் சுற்றி வருகிறார். ஒரு கிளையைப் பார்க்கிறார், ஒரு மரத்துக்குக் கணக்குப் போடுகிறார், காற்றில் கொட்டப்போவதைக் கழிக்கிறார், மரங்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறார். அவர் செய்வது முழுக்க முழுக்க நாம் பேசும் செயல்தான். ஆனாலும் வெளியே சொல்லும்போது ‘குத்துமதிப்பா இவ்வளவு’ என்கிறார், ஏனென்றால் வழியைச் சொன்னால் பேரம் போய்விடும். வகுப்பறையில் எனக்கு நேர்மாறானது வேண்டும்: விடை எப்படியும் இருக்கட்டும், வழியைச் சொல்.

‘தோராய மதிப்பீடு’ இரண்டு இடத்தில் இடறுகிறது. தோராயம் என்பது தெரிந்த எண்ணைச் சுருக்குவதற்குப் பழகிய சொல். பையின் (π) மதிப்பை 3.14 என்று எழுதுவது தோராயம். இங்கே கையில் எண்ணே இல்லை. இன்னொன்று, மதிப்பீடு என்றாலே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேர்வும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் வகுப்பு இறுகிவிடுகிறது. எண்ணைப் பயமில்லாமல் சொல்லிப் பார்க்க வேண்டிய வேளையில் அது நல்லதில்லை.

‘சோற்றுப்பதம்’ அழகான சொல்தான். ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றை எடுத்துப் பார்ப்பது, புள்ளியியலில் சொல்லும் ‘மாதிரி எடுத்தல்’. அதற்குப் பானை கண்முன் இருக்க வேண்டும். நம் வேலையில் பெரும்பாலும் பானையே கண்ணுக்குத் தெரியாது. வாழப்பாடித் தம்பி வருத்தப்பட வேண்டாம், புள்ளியியல் இழைக்கு இதைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

‘கருதலளவை’யைக் கைவிட எனக்கு மனமே வரவில்லை. காண்டல், கருதல், உரை என்று நம் தத்துவ நூல்கள் அறிவு வரும் வழிகளை அடுக்கியபோது கருதல் ஓர் அளவையாக நின்றது. ஆனால் அங்கே அதன் பொருள் முடிவாகிவிட்டது: புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது. உண்டா இல்லையா என்பதற்கு விடை தரும் சொல் அது. எவ்வளவு என்பதற்குத் தருவதல்ல. தத்துவம் படிக்கும் மாணவர் ஒருபுறம், இயற்பியல் படிக்கும் மாணவர் மறுபுறம் இதே சொல்லை வேறு வேறு பொருளில் எழுதுவார்கள். குழப்பம் வரும்.

இதை ஒட்டி ஒருவர் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலை நினைவூட்டியிருந்தார். பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண அதில் வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை விகிதத்தால் அறிய முயன்ற அந்த மனப்பான்மையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது ஒரு வாய்பாடு. ஆறு ஏன், ஐந்து ஏன் என்று கேட்க அதில் வாசல் கிடையாது. காபிக் கணக்கில் ஒவ்வொரு எண்ணையும் மாற்றிப் பார்க்க முடிந்தது. இந்த வேறுபாட்டை மறைத்து ‘எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று எழுதிவிட்டால் கணக்கதிகாரத்துக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

கடைசியாக, ஃபெர்மியின் பெயர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது அவர் சுமார் பத்து மைல் தொலைவில் இருந்தார். அதிர்வலை வந்து சேரும் நேரம் பார்த்துக் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து நழுவவிட்டார். அவை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தள்ளி விழுந்தன. அதை வைத்து, வெடிப்பு பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்கு நிகர் என்றார். பின்னால் கருவிகளும் ஆய்வுகளும் சொன்னது இருபதாயிரம் டன்னுக்குச் சற்று மேல். இரண்டு மடங்கு வித்தியாசம்தான். பத்தின் அடுக்கு மாறவில்லை, அதாவது பத்தாயிரம் என்பது ஆயிரமாகவோ லட்சமாகவோ ஆகிவிடவில்லை. அந்த மனிதருக்கு மரியாதை செய்ய ‘ஃபெர்மி வினா’ என்பதை வைத்துக்கொள்வோம். சிகாகோவில் எத்தனை பியானோ சுருதி சேர்ப்பவர்கள் என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கேள்வி போன்றவற்றுக்கு அது பொருந்தும். செய்முறையின் பெயராக மட்டும் வேண்டாம். ஃபெர்மி யாரென்று அறியாத பிள்ளைக்கு அந்தப் பெயர் என்ன செய்ய வேண்டும் என்று எதையும் சொல்லாது.

இப்போது பகுமதிப்பு. பகுபதம் என்கிறோம், பகு எண் என்கிறோம். சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரிக்கவும், எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கவும் பயன்பட்ட அதே ‘பகு’, கேள்வியைப் பிரிக்கவும் வரட்டும். வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று வராது, காலமும் ஒட்டாது. பகா எண் படித்த பிள்ளைக்கு மேலும் பிரிக்க முடியாத இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் புரியும்: பத்து கிராம் தூள் என்ற இடத்தில் நாம் நிறுத்தினோமே, அதுபோல.

> இடமதிப்பு, முகமதிப்பு போல இதுவும் ஏதோ ஒரு வகை மதிப்பு என்று நினைத்துவிட மாட்டார்களா? பகுதி மதிப்பு என்றும் காதில் விழலாம்.

அஸ்தம்பட்டி அம்மாவிடம் நேரில் சொன்னபோது அவர் எழுப்பிய ஐயம் இது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதனால் இரண்டாகப் பிரித்து வைக்கலாம்: செயலுக்குப் ‘பகுத்து மதித்தல்’, கிடைக்கும் விடைக்குப் ‘பகுமதிப்பு’. வாக்கியத்தில் இட்டுப் பார்த்தால் நன்றாகவே உட்காருகிறது.

‘மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி, சேலம் மாநகருக்கு எத்தனை ஆண்டு வரும் என்று பகுத்து மதித்துச் சொல்.’ மக்கள் தொகை பத்து லட்சம், ஆளுக்கு 135 லிட்டர், நாளைக்கு 13.5 கோடி லிட்டர். ஒரு டிஎம்சி என்பது 2,830 கோடி லிட்டர், அதாவது இருநூற்றுப் பத்து நாள். முழு அணையும் என்றால் ஐம்பது ஆண்டுக்கு மேல். பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். பிறகு ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக் கணக்கிடச் சொன்னால் 48 லட்சம் லிட்டருக்கு மேல் வரும்: ஒரு போகம், ஒரே ஏக்கர், ஏறக்குறைய நூறு நகரவாசிகளின் ஓராண்டு நீர். டெல்டாவுக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒரு பாடம் நடத்த எனக்குத் தெரியாது.

இன்னொரு வாக்கியம்: ‘சேலத்தில் தட்டுவடை செட் கடைகளின் பகுமதிப்பு ஐந்நூறு.’ மாலையில் ஒவ்வொரு தெருமுனையிலும் பார்க்கிறோம், எண்ணியவர் யாருமில்லை. ஐம்பதுக்குக் குறையாது, ஐயாயிரத்தைத் தாண்டாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால், நடு எண் 2,525 ஆகாது. பெருக்கல் சராசரியான 500தான் நடு, ஏனென்றால் இரு பக்கமும் பத்து மடங்கு தள்ளி நிற்பது அதுவே. அறுபது வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு எட்டு கடை. என் வார்டுக்குச் சரியாக வருகிறது; உங்கள் வார்டில் பார்த்து எழுதுங்கள்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வரைவு:

பகுமதிப்பு (பெயர்): நேரடியாக அளக்கவோ எண்ணவோ இயலாத ஒரு பெரிய அளவை, எளிதில் விடை சொல்லத்தக்க கூறுகளாகப் பகுத்து, காரணத்தோடு கூடிய எடுகோள்களையும் விகிதங்களையும் கொண்டு பெறும், பத்தின் அடுக்கு அளவில் நம்பத்தக்க மதிப்பு. செயல்: பகுத்து மதித்தல். தொடர்புடையது: ஃபெர்மி வினா.

வரையறையில் ‘பத்தின் அடுக்கு’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கே தனியாக ஒரு சொல் வேண்டும் என்று ஏற்காட்டுத் தோழி முன்பு கேட்டிருந்தார். அதைப் புதிய இழையில் தொடங்கினால் நல்லது. பகுமதிப்புக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாகக் கொங்கு, தென்மாவட்டப் பேச்சில் இது வேறு பொருளில் காதில் விழுகிறதா என்று அங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து