உலாவி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நின்றுபோகும் சோதனைகள்: வழிகாட்டல் வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். எனக்கு முன்பிருந்தவர் பைத்தான் நிரல்மொழியில், உலாவியைத் தானாக இயக்கும் கருவியான செலினியம் 3-ஐக் கொண்டு எழுதிய ஏறத்தாழ 200 உலாவிச் சோதனைகளை இப்போது நான் பராமரிக்கிறேன்.

குரோம் தானாகப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் காலையில், செலினியத்தைக் குரோமுடன் இணைக்கும் குரோம்டிரைவரின் பதிப்பு பொருந்தவில்லை என்று அத்தனை சோதனைகளும் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. குரோமின் 115-ஆம் பதிப்பு முதல் இந்த டிரைவர் வேறு முகவரியில் வெளியிடப்படுவதால், அதைப் பதிவிறக்க நாங்கள் வைத்திருந்த நிரலும் பயனற்றுப்போனது. செலினியம் 4.6 முதல் உடன்வரும் செலினியம் மேனேஜர் பொருத்தமான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும் என்றாலும், பக்கத்தின் உறுப்புகளைத் தேடும் 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி' போன்ற பழைய கட்டளைகள் 4.3-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், பதிப்பை மட்டும் உயர்த்தினால் எங்கள் சோதனைகளில் பெரும்பாலானவை ஓடமாட்டா.

அவற்றுக்குப் பதிலான புதிய கட்டளை வடிவம் செலினியம் 3-இலும் இயங்குவதால், முதலில் கட்டளைகளைச் சிறிது சிறிதாக மாற்றிவிட்டுப் பிறகு பதிப்பை உயர்த்துவதே நல்லது என்று எண்ணுகிறேன். இவ்வாறு செய்து பார்த்தவர்கள் எங்கே இடறினீர்கள்? மேலும், சோதனைக்கென்றே வெளியிடப்படும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளாத 'குரோம் ஃபார் டெஸ்டிங்'கை ஒரே பதிப்பில் நிறுத்தி வைத்தால், பயனர்களின் புதிய குரோமில் எழும் பிழைகள் எங்கள் கண்ணில் படாமல் போகுமே. அதை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்?