அக்னி நட்சத்திரத்தில் 5 மாசப் பாப்பாவுக்குத் திருத்தணியில் மொட்டை: வெயிலுக்கு என்ன ஏற்பாடு?

நகரிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு 5 மாசம் நடக்குது, தாய்ப்பால் மட்டும்தான். மே ரெண்டாவது வாரம் திருத்தணியில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறிச்சிட்டாங்க, தள்ளிப்போட வழியில்லை. ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து ஆட்டோ, இல்லைன்னா சொந்தக்காரங்க கார். வழியில் தொண்டை வறளும், சர்க்கரைத் தண்ணி கொடுன்னு அத்தை சொல்றாங்க. வெயில் படாம முகத்தை முந்தானையால மூடிக்கவும் சொல்றாங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும், என்ன போட்டு விடணும், உடம்பில் சூடு ஏறினா எப்படித் தெரியும்?

சித்தூர்_செவிலி:
முதல்ல நேரத்தை முடிவு பண்ணுங்கம்மா, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். விடியக்காலை 5 மணிக்கு ஆட்டோ வாசல்ல நிக்கணும். காலை 10 மணிக்குள்ள பாப்பா வீட்டு நிழலுக்குத் திரும்பிடணும். கூட்டத்தில் மாட்டி நேரமாயிட்டா, மதியத்தில் கிளம்பவே கிளம்பாதீங்க. கீழே ஒரு அறை எடுத்து, சாயங்காலம் 4 மணி தாண்டி வாங்க. அந்த வாடகைக்குக் கணக்குப் பார்க்காதீங்க.

சின்னக் குழந்தைக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம். அதனால வெளிச் சூடு நம்மைவிட வேகமா உள்ளே இறங்கும். வேர்வையும் நம்ம அளவுக்குச் சுரக்காது. போதாததுக்கு, மேல கிடக்கிற துணியைத் தள்ளிவிடவும் அதுக்குத் தெரியாது.

முந்தானையால மூடறது கூடவே கூடாது. துணிக்குள்ள மூச்சுக்காத்தும் உடம்புச் சூடும் அடைஞ்சுக்கும். நிழல்ல இருக்கிற மாதிரி நமக்குத் தெரியும், உள்ளே புழுங்கிக்கிட்டு இருக்கும். தள்ளுவண்டி மேல துண்டு போர்த்தறதும் இதே தப்புதான். குடை பிடிங்க. பாப்பாவோட முகத்துக்கும் குடைத்துணிக்கும் நடுவில் காத்து ஓட ஒரு முழமாவது இடம் இருக்கட்டும், முகம் எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும்.

சர்க்கரைத் தண்ணி, வெறும் தண்ணி, இளநீர், கழுதைப்பால் எதுவும் 6 மாசம் முடியற வரைக்கும் வேண்டாம். எவ்வளவு கத்திரியா இருந்தாலும் தாய்ப்பால்லயே தேவையான தண்ணி இருக்கு. சின்ன வயித்தைத் தண்ணி அடைச்சுக்கிட்டா பால் குடிக்கிறது குறையும். அளவு மீறினா ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். வெளியூர்த் தண்ணியில பேதி வந்தா அது தனித் தொல்லை. அத்தைகிட்ட, “குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய தண்ணியை எனக்குக் கொடுங்கத்தே”ன்னு சொல்லுங்க. உண்மையும் அதுதான். அன்னைக்கு நீங்க 3 லிட்டருக்குக் குறையாம குடிக்கணும், உப்புப் போட்ட நீர்மோரும் சேர்த்து. பாப்பாவுக்கு 2 மணி நேரம் தாண்ட விடாம பால் கொடுங்க. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்க.

தணிகை_அடிவாரம்:
மொட்டை பத்திச் சொல்றேன் தங்கச்சி, அதை யாரும் யோசிக்கிறதில்லை. முடி போன தலையில் நேரா வெயில் விழும், அரைமணி நேரத்திலேயே கன்னிப் போயிடும். சந்தனம் வெயிலைத் தடுக்காது. மெல்லிசா, சும்மா ஒரு பூச்சு போதும். தடிமனாத் தடவினா காய்ஞ்சு வெடிச்சு அரிக்கும், வேர்வை வெளியேற வழியில்லாமப் போகும். சந்தனத்தில் கற்பூரம் கலந்திருக்கான்னு கேட்டே வாங்குங்க. கைக்குழந்தைக்குக் கற்பூரம் விஷம், தோல் வழியாகவே உள்ளே போகும். குளுகுளுன்னு இருக்கிற பவுடரும் வேண்டாம். சன்ஸ்கிரீன் 6 மாசத்துக்கு அப்புறம்தான். இப்போதைக்கு விளிம்பு வச்ச மெல்லிய பருத்தித் தொப்பி போதும். நிழலுக்கு வந்ததும் கழட்டிடுங்க, தலை வழியாத்தான் சூடு நிறைய வெளியேறணும்.

சவரக்காரர்கிட்ட உங்க கண்ணெதிர்ல புது பிளேடு மாத்தச் சொல்லுங்க. காது குத்தறதுக்கு முன்னாடி தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க, 6, 10, 14 வாரத்து ஊசி மூணும் போட்டிருக்கணும்.

பட்டுப்பாவாடையைப் படம் எடுக்கிற பத்து நிமிஷத்துக்கு மட்டும் போட்டு விடுங்க. ஜரிகையும் உள்பட்டியும் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், கழுத்து மடிப்பை அறுத்து வேர்க்குரு வரும். மத்த நேரம் முன்பக்கம் நாடா வச்ச பருத்திச் சட்டை ஒண்ணு போதும். நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு தறி ஓடுது, நல்ல மல் துணிக்குப் பஞ்சமில்லை, மூணு சட்டை தைச்சு வச்சுக்கங்க. வெள்ளிக்கொலுசு, காப்பு வெயிலில் கொதிக்கும், வீட்லயே கழட்டி வச்சிட்டுப் போங்க.

இன்னொண்ணு, 9 மணிக்கு மேல மலையில் கருங்கல் தரை சுடும். வெறுங்காலோட தாவித் தாவி ஓடும்போதுதான் கையில் இருக்கிற குழந்தை நழுவும். படி ஏறாதீங்க, மேல வரைக்கும் வண்டி போகும். பாப்பாவை வச்சிருக்கிறவங்க நிழல் ஓரமாவே நடக்கட்டும்.

வண்டிமேஸ்திரி:
ஆட்டோல எஞ்சின் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கு, கொஞ்ச தூரம் ஓடினாலே சீட்டு சூடாகும். ஜமக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டு உட்காருங்க. மூணு பேருக்கு மேல ஏத்தாதீங்க. ரெக்சின் திரையை வெயில் அடிக்கிற பக்கம் மட்டும் இறக்குங்க, ரெண்டு பக்கமும் இறக்கினா அடுப்பு மாதிரி ஆயிடும். பைக் வேணவே வேணாம்.

கார்னா, ஏசியை 5 நிமிஷம் ஓட விட்டுக் கதவைத் திறந்து உள்சூட்டை வெளியேத்தின பிறகு பாப்பாவை ஏத்துங்க. சீட்டையும் பெல்ட் கொக்கியையும் புறங்கையால தொட்டுப் பாருங்க, இரும்புக் கொக்கி தொடையில் பட்டாக் கொப்புளம்தான். ஏசிக் காத்து நேரா மூஞ்சியில் அடிக்கக் கூடாது. பூ வாங்கிட்டு வர்ற நேரத்துக்குக்கூடக் குழந்தையை வண்டியில் விட்டுட்டு இறங்காதீங்க. நிறுத்தின கார் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நகரிப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நெஞ்சோட கட்டிக்கிற பை ஒண்ணு இருக்கு, அது பரவாயில்லையா? பேட்டரி விசிறி வாங்கலாமா? டயப்பர்?

சித்தூர்_செவிலி:
பையில் வச்சா உங்க உடம்புச் சூடும் சேரும். இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நடுவில் மெல்லிய துணி ஒண்ணு போடுங்க. தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது, ரெண்டு விரல் இடைவெளி வேணும்.

விசிறி நல்லதுதான், ஆனா அனல்காத்தில் வெறும் விசிறி அனலைத்தான் அள்ளி வீசும். ஈரத்துணியால கை, கால், கழுத்தைத் துடைச்சுட்டு விசிறினாத்தான் ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சி வரும். டயப்பரை 2 மணிக்கொரு தடவை மாத்துங்க. தங்கற இடத்தில் கழட்டிட்டு லங்கோடு கட்டுங்க.

சூடு பார்க்கக் கைகால்களைத் தொடாதீங்க, பிடரியையும் நெஞ்சையும் தொடுங்க. அங்கே கொதிச்சா, முகம் சிவந்து சிணுங்கினா, உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போய்ச் சட்டையைக் கழட்டி, குழாய்த் தண்ணியில் நனைச்ச துணியைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வச்சு விசிறுங்க, பால் கொடுங்க. ஐஸ் வைக்காதீங்க, அதில் தோலோட ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாது. வெயில் சூட்டுக்குப் பாராசிட்டமால் சொட்டு கேக்காது.

6 மணி நேரமா மூத்திரம் போகல, உச்சிக்குழி பள்ளமாயிடுச்சு, அழுதாக் கண்ணீர் வரல, பால் குடிக்க மறுக்குது, துணியாத் துவண்டு கிடக்குது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு: இதில் ஒண்ணு இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான். அக்குள்ள தெர்மாமீட்டர் வச்சு 100.4க்கு மேல காட்டி, அரைமணி நேரம் குளிர்விச்சும் இறங்கலைன்னாலும் ஆஸ்பத்திரிதான். மயக்கமா இருந்தா வாயில் ஒரு சொட்டுக்கூட ஊத்தாதீங்க. வண்டி வர்ற வரைக்கும், வண்டியில் போகும்போதும், ஈரத்துணியும் விசிறியும் நிக்கக் கூடாது.