1968 சி10: மேனுவல் ஸ்டீயரிங்கை பவராக மாத்தணும், பாக்ஸா ரேக்கா?

கேள்வி:
வணக்கம். 1968 செவ்ரோலே சி10 பிக்கப், டூ வீல் டிரைவ். கம்பெனி மேனுவல் பாக்ஸ் (ஸ்டீயரிங் கியர் பெட்டி) அப்படியே இருக்கு. இன்ஜின் இப்போ 350 வி8, முன்னாடி அகலமான டயர். நின்ன இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பவே முடியல, நேரா ஓடும்போது ரெண்டு அங்குலம் ஆட்டம் இருக்கு. பவர் பாக்ஸ் (ஆயில் அழுத்தத்துல உதவுறது), ரேக் (பாக்ஸுக்குப் பதிலா பல் வெச்ச நேர் தண்டு), எலக்ட்ரிக் காலம் (ஸ்டீயரிங் தண்டுலயே மோட்டார்) மூணுல எது சரி? எதையும் வாங்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

பதில் 1:
முதல்ல ஆட்டம் எங்கேன்னு பிடிங்க. பவர் வந்தா கனம்தான் குறையும், ஆட்டம் அப்படியேதான் இருக்கும். டயர் தரையில இருக்கணும், இன்ஜின் ஆஃப். ஒருத்தர் ஸ்டீயரிங்கை அந்த ரெண்டு அங்குலத்துக்குள்ள மட்டும் இடதும் வலதுமா ஆட்டட்டும். நீங்க கீழே படுத்து ஒவ்வொரு மூட்டு மேலயும் கை வையுங்க. ரப்பர் கப்ளிங் (ஸ்டீயரிங் தண்டை பாக்ஸோட சேர்க்கிறது), பாக்ஸை ஃப்ரேமோட பிடிக்கிற போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸுல இருந்து வர்ற கை), சென்டர் லிங்க் (நடுவுல குறுக்கே போற தண்டு), ஐட்லர் ஆர்ம் (அந்தத் தண்டை மறுபக்கம் தாங்குற கை), டை ராட் எண்ட் (சக்கரத்துக்குப் போற தண்டோட முனை) இந்த வரிசையில போங்க. மூட்டுக்கு ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் சும்மா நின்னா அங்கேதான் தேய்மானம். ஐட்லர் ஆர்மைத் தனியா மேலும் கீழும் இழுத்துப் பாருங்க. அது தொங்கினா மேட்டுப் பள்ளத்துல டோ (மேல இருந்து பார்த்தா முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மாறிக்கிட்டே இருக்கும், வண்டி தானா அலையும்.

ஆட்டம் பாக்ஸுக்குள்ள இருந்தா மேல இருக்கிற அட்ஜஸ்டரை முறுக்கத் தோணும். சக்கரம் நேரா இருக்கும்போது மட்டும் தொடுங்க. நடுவுல இறுக்கமாவும் ரெண்டு ஓரத்துல கொஞ்சம் தளர்வாவும் இருக்கிற மாதிரிதான் பல்லையே வெட்டியிருக்காங்க. திருப்பி வெச்சுட்டு அந்தத் தளர்வை எடுத்தா, நடுவுக்கு வரும்போது பிடிச்சுக்கும். வளைவு முடிஞ்சும் ஸ்டீயரிங் தானா நேராகாது.

பதில் 2:
இந்த வண்டிக்கு சாகினா 800 பவர் பாக்ஸ்தான் நல்ல வழி. பாக்ஸோட பல் விகிதம் மேனுவல்ல 24:1, பவர்ல 17:1 பக்கம், அதனால ஸ்டீயரிங்கைச் சுத்துற சுத்தும் குறையும். வாங்கும்போது மூணு விஷயம்.

இன்புட் ஷாஃப்ட் (பாக்ஸுக்குள்ள போற தண்டு) பல்லை எண்ணுங்க. பழசுல 13/16 அங்குலம் 36 பல், 70-களோட பின்பாதியில வந்ததுல 3/4 அங்குலம் 30 பல். கப்ளிங் அதுக்கு ஏத்தது வேணும். ஹோஸும் அப்படித்தான்: பழைய பாக்ஸுக்கு ஃப்ளேர் முனை (விரிஞ்ச குழாய் முனை), 80-களோடதுக்கு மெட்ரிக் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). மாத்திப் போட்டா மரை ஏறுற மாதிரியே இருந்து, பிரஷர் வந்ததும் ஒழுகும்.

மூணாவதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. பிட்மேன் ஆர்ம் நீளமும் ஐட்லர் ஆர்ம் நீளமும் மையத்துல இருந்து மையத்துக்கு ஒண்ணா இருக்கணும். வேற வண்டியோட ஆர்ம் போட்டா நேரா நல்லா ஓடும், வளைவுல ரெண்டு சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்து டயரைத் தின்னும்.

பழைய ஆர்மைக் கழட்ட புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) போடுங்க. சுத்தியால அடிச்சா அந்த அடி பாக்ஸுக்குள்ள இருக்கிற குண்டுக்கும் வார்முக்கும் (திருகுத் தண்டு) போகும். புது பாக்ஸை மாட்டுமுன் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரை சுத்தை எண்ணி, பாதி திரும்பி வந்து நடுவைக் குறிச்சுக்கோங்க. ஸ்டீயரிங் வீல் நேரா நின்னா அது பாக்ஸோட நடு ஆகிடாது. பிட்மேன் நட்டை 185 அடி-பவுண்ட் முறுக்கு வரை இறுக்குங்க.

பதில் 3:
ரேக் பத்தி: டை ராட்டோட உள்மூட்டு, சஸ்பென்ஷன் ஆர்ம்களோட அசைவுக்கு ஒத்துப் போற இடத்துல நிக்கணும். கார் ரேக்கை இந்த ஃப்ரேம்ல பற்றவைச்சா அது அமையறது அபூர்வம். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானா திரும்பும். முன் சஸ்பென்ஷனையே ரேக்குக்குன்னு செஞ்ச செட்டா மாத்துறதா இருந்தா மட்டும் யோசிங்க. எலக்ட்ரிக் காலம் இடத்தை மிச்சம் பண்ணும், ஆனா கரண்ட் நிறைய இழுக்கும். அந்தக் காலத்து 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தாங்காது. தேய்ஞ்ச பாக்ஸும் அப்படியே கீழே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. பவர் பாக்ஸ்தான், முடிவு பண்ணிட்டேன். ஐட்லர் ஆர்ம் தொங்குது, அதையும் மாத்துறேன். ஸ்டீயரிங் காலத்துல இருந்து பாக்ஸுக்கு நேரா ஷாஃப்ட் போட்டா எக்ஸாஸ்ட் ஹெடர் (இன்ஜின்ல இருந்து வர்ற புகைக் குழாய்) இடிக்குது. என்ன செய்யலாம்?

பதில் 2:
யூ-ஜாயின்ட் (மடங்கித் திரும்புற மூட்டு) போட்டு வளைங்க. ஒரு ஜாயின்ட்டுக்கு 30 டிகிரிக்கு மேல வேண்டாம். ரெண்டு போட்டா ரெண்டோட உள்பக்க ஃபோர்க்கும் (மூட்டோட கவை) ஒரே தளத்துல நிக்கணும், இல்லேன்னா திருப்பும்போது ஒரு இடத்துல கனமாவும் ஒரு இடத்துல லேசாவும் வரும். மூணு போட்டா நடு ஷாஃப்டுக்குத் தாங்கு பேரிங் கட்டாயம். ஷாஃப்ட் முனை ஜாயின்ட்டோட குறுக்குல முட்டக்கூடாது. செட் ஸ்க்ரூவை இறுக்கி, கழட்டி, விழுந்த தடத்துல சின்னக் குழி துளைச்சு, த்ரெட் லாக்கர் போட்டு மறுபடி இறுக்கி, லாக் நட்டும் போடுங்க.

ஆயில் ஊத்தினதும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. முன் சக்கரத்தைத் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல, மெதுவா ஓரத்துக்கு ஓரம் 20 தடவை திருப்புங்க. குறைய குறைய ஊத்துங்க. நுரை அடங்கின பிறகுதான் ஸ்டார்ட். நுரையோட ஓட்டினா பம்ப் ஊளையிடும். முழுசா திருப்பி 5 நொடிக்கு மேல பிடிக்கவும் கூடாது. ரிட்டர்ன் லைனுக்கு (பாக்ஸுல இருந்து ஆயில் பம்புக்குத் திரும்புற குழாய்) பெட்ரோல் ஹோஸ் வேண்டாம், அது ஊறிப் பிய்ஞ்சிடும்.

கடைசியா அலைன்மென்ட். மேனுவலுக்கு லேசா இருக்கணும்னு கேஸ்டரை (பக்கத்துல இருந்து பார்த்தா சக்கரம் திரும்புற அச்சோட பின்சாய்வு) குறைச்சு வெச்சிருப்பாங்க. பவர் வந்த பிறகு 3 டிகிரிக்கு மேல ஏத்தச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் சமமா. அப்புறம் கேம்பர் (முன்னாடி இருந்து பார்த்தா சக்கரத்தோட சாய்வு), அதுக்குப் பிறகுதான் டோ, உள்பக்கம் 2 மில்லிமீட்டர் பக்கம்.